இலையும் எறும்பும் கற்றுத்தரும் கணிமைச் சிந்தனை



இன்றைய பேச்சு நம் வீட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பற்றியது. ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது. கணினி என்ற சொல்லைக் கேட்டவுடனே, "அது விலை கொடுத்து வாங்க முடிந்தவர்களின் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று எண்ணி வானொலியை அணைத்துவிட வேண்டாம். கணினிக்குத் தேவையான அறிவை, கணினியே இல்லாமல், வாசலில் கிடக்கும் இலையையும் ஈர்க்கையும் விதையையும் கொண்டு பிள்ளைக்கு ஊட்ட முடியும். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை ஜோர்ஜ்டவுனுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போனோம். கொம்தார் கட்டடத்தின் குவிமாடத்தில் 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டெக் டோம் என்னும் அறிவியல் கூடத்தைக் காட்டினோம். பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். விசையை அழுத்தினார்கள், கைதட்டினார்கள். திரும்பும் வழியில், பேருந்து பினாங்குப் பாலத்தின்மீது வந்துகொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி மெல்லக் கேட்டாள்: "டீச்சர், இதெல்லாம் டவுன் பிள்ளைங்களுக்குத்தானே? நமக்கு இது வராதுல்ல?"

அந்தக் கேள்வி எங்களைத் தூங்கவிடவில்லை. ஏழு எட்டு வயதிலேயே ஒரு பிள்ளை தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டுவிட்டால், பிறகு அந்த வேலியைப் பிடுங்குவது எளிதன்று.

இதில் எவ்வளவு பெரிய காரியம் அடங்கியிருக்கிறது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது முதல், பினாங்கின் பிழைப்பு மாறிவிட்டது. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. நம் பாட்டன் பாட்டி உழைத்த மண்ணில்தான் இந்தக் காலத்துப் பெரிய வேலைகள் முளைக்கின்றன. அந்த வேலைகளில் நம் பிள்ளைகளுக்கு எந்த இடம் என்பதுதான் கேள்வி. தரையைப் பெருக்குவதும் உழைப்புத்தான். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால், இயந்திரத்தை வடிவமைக்கும் மேசை நமக்கு உரியதன்று என்று பிள்ளை முன்கூட்டியே முடிவு செய்துவிடக்கூடாது அல்லவா?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது நாம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அப்பா வேலைக்காட்டிலிருந்து திரும்பினால்தான் பாடம் என்றிருந்த வீடுகளும் உண்டு. கருவி இல்லாத பிள்ளை பின்தங்கிப் போவதை அந்த நாட்களில் எங்கள் கண்ணாலேயே கண்டோம். கருவி கிடைக்கும்வரை காத்திராமல், இருப்பதைக் கொண்டு தொடங்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு உறுதிப்பட்டது அப்போதுதான்.

சரி, கணிமைச் சிந்தனை என்றால் என்ன? ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, ஒழுங்கு கண்டு, வேண்டாததை விலக்கி, படிப்படியாகச் செய்து முடிக்கும் வழியை, பிறர் கேட்டுச் செய்யும் அளவுக்குத் தெளிவாகச் சொல்லத் தெரிவதே கணிமைச் சிந்தனை. கணினிக்குச் சொந்த புத்தி கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும். ஆகையால் சொல்பவருக்குத் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவைத்தான் பிள்ளைக்குப் பழக்க வேண்டும்.

இந்தச் சொல்லைச் சீமோர் பாப்பர்ட் என்னும் கல்வியாளர் 1980ஆம் ஆண்டில் தம் நூலில் எழுதினார். 2006ஆம் ஆண்டில் ஜெனெட் விங் என்னும் அமெரிக்கப் பேராசிரியை, எழுத்தும் எண்ணும்போல இதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்று எடுத்துரைத்த பிறகு உலகெங்கும் பரவியது. நம் மலேசியாவில் 2017ஆம் ஆண்டு முதல் பள்ளிப் பாடத்திட்டத்தில் இது சேர்க்கப்பட்டுள்ளது. நியூசிலாந்தில் டிம் பெல் என்னும் பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் 1990ஆம் ஆண்டுகளிலேயே, கணினியைத் தொடாமல் அட்டையும் கயிறும் கொண்டு இந்தப் பாடத்தை நடத்திக் காட்டினார்கள். ஆகவே, இயந்திரம் இல்லாமல் கற்பிப்பது ஏழைக்கென்று கண்டுபிடித்த மட்டமான வழியன்று. உலகம் ஒப்புக்கொண்ட வழி.

நம் தோட்ட மக்களுக்கு இந்தச் சிந்தனை புதிதுமன்று. செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்று எப்படி அறிகிறோம்? மரத்தின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்க்கிறோம். மரத்தில் நூறு விஷயம் இருக்க, வேண்டிய அந்த ஓர் அடையாளத்தை மட்டும் பற்றிக்கொள்கிறோம். இதைத்தான் படித்தவர்கள் 'சாரத்தைப் பிரித்தெடுத்தல்' என்கிறார்கள். பால்மரம் வெட்டியவர்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். அந்தக் கதைக்கே வருகிறோம்.

எங்கள் முதல் கருவி வெறும் அட்டைகள்தாம். பழைய நாட்காட்டித் தாளை வெட்டி, ஒவ்வொன்றிலும் பால் வெட்டும் வேலையின் ஒரு படியைப் படமாக வரைந்தோம். கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரிப்பது ஓர் அட்டை. மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைப்பது ஓர் அட்டை. உளியால் பட்டையை மெல்லியதாகச் சீவுவது ஓர் அட்டை. அடுத்த மரத்துக்கு நடப்பது ஓர் அட்டை. இவற்றைப் பிள்ளைகள் வரிசைப்படுத்த வேண்டும். பள்ளி வளாகத்தில் ஒரு பழைய பால்மரம் நிற்கிறது. ஒரு பிள்ளை அட்டையை வாசிக்க, இன்னொரு பிள்ளை உளிக்குப் பதிலாக ஒரு குச்சியை ஏந்தி, அட்டை சொன்னதை மட்டுமே செய்ய வேண்டும். சொல்லாததைச் செய்யக்கூடாது. இதுதான் விளையாட்டு.

பாட்டி ஒருவரை வகுப்புக்கு அழைத்திருந்தோம். பேருந்தில் கேள்வி கேட்ட அதே சிறுமியின் பாட்டிதான். முப்பது ஆண்டுகளுக்குமேல் மரம் வெட்டியவர். "நான் என்னா டீச்சரம்மா சொல்லப் போறேன், எழுத்துகூட சரியா தெரியாது," என்று வாசலிலேயே தயங்கி நின்றார். "பாட்டி, உங்க வேலையைத்தான் பிள்ளைங்க இன்னைக்குப் படிக்குதுங்க, நீங்க வந்து சரியான்னு பாருங்க," என்று கூட்டிவந்து உட்கார வைத்தோம்.

முதல் குழு அட்டைகளை அடுக்கியது: ஒட்டுப்பாலை உரி; பட்டையைச் சீவு; மங்கைத் துடைத்து வை; அடுத்த மரத்துக்குப் போ. பாட்டி சிரித்துவிட்டார். "அடியே, மங்கு வைக்கிறதுக்குள்ள பாலு மண்ணுல ஊத்திடுமே!" என்றார். பிள்ளைகள் அட்டையை இடம் மாற்றினார்கள். படிகள் எல்லாம் சரியாக இருந்தும், வரிசை தவறினால் பால் மண்ணுக்குப் போய்விடும் என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

பிறகு பாட்டி கேட்டார்: "மழை பேஞ்சு பட்டை நனைஞ்சிருந்தா என்னா செய்வீங்க?" வகுப்பு விழித்தது. அட்டையில் மழையே இல்லை! உடனே புது அட்டை ஒன்று எழுதினோம்: பட்டை நனைந்திருந்தால் வெட்டாதே, காய்ந்திருந்தால் வெட்டு. 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்னும் நிபந்தனை அப்படிப் பிறந்தது. "ஒரு மரத்தோட முடிஞ்சிடுமா? நிரை முடியறவரைக்கும் போகணும்," என்று அடுத்த பாடத்தையும் அவரே கொடுத்தார். 'நிரை முடியும்வரை திரும்பச் செய்' என்று ஓர் அட்டை சேர்ந்தது. வரிசை, நிபந்தனை, திரும்பச் செய்தல் ஆகிய மூன்றும்தாம் கணினி நிரல்கள் அனைத்துக்கும் அடித்தளம். பல்கலைக்கழகத்தில் இதைப் படிப்பவர்களும் இந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எழுத்துச் சரியாகத் தெரியாத அந்தப் பாட்டி அரைமணி நேரத்தில் மூன்றையும் நடத்தி முடித்தார்.

இரண்டாம் கருவி இலைக் கவை. கயிற்றைத் தரையில் மரக்கிளைபோல இரண்டு இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். ஒவ்வொரு கவையிலும் ஒரு கேள்வி அட்டை. பிள்ளை ஒரு இலையைக் கையில் ஏந்தி, 'ஆம்' என்றால் வலப்பக்கமும் 'இல்லை' என்றால் இடப்பக்கமும் நடக்க வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டவை எட்டு இலைகள்: ரப்பர், கறிவேப்பிலை, முருங்கை, புளி, வெற்றிலை, கொய்யா, வாழை, பலா.

முதல் கேள்வி: ஒரே காம்பில் பல சிற்றிலைகள் இருக்கின்றனவா? முதல் நான்கு ஒரு பக்கமும் பின் நான்கு மறுபக்கமும் போய்விடும். சிற்றிலை உள்ள பக்கத்தில் அடுத்த கேள்வி: சிற்றிலையின் நுனி கூராக இருக்கிறதா? ரப்பரும் கறிவேப்பிலையும் கூர். முருங்கையும் புளியும் மழுங்கல். மறுபக்கத்தில்: கசக்கினால் மணக்கிறதா? வெற்றிலையும் கொய்யாவும் மணக்கும்; வாழையும் பலாவும் அப்படி மணப்பதில்லை. மூன்றாம் கேள்வியில் ஒவ்வொன்றும் தனித்தனியே பிரிந்துவிடும். மூன்றே சிற்றிலை என்றால் ரப்பர். காம்பு மேலும் கிளைவிட்டால் முருங்கை. இதய வடிவம் என்றால் வெற்றிலை. பிள்ளையின் கையைவிட நீளம் என்றால் வாழை.

இதில் ஒரு வியப்பைக் கவனியுங்கள். எட்டு இலைக்கு மூன்று கேள்வி போதும். பதினாறு இலையானால் நான்கு கேள்வி. ஒவ்வொரு கேள்வியும் இருப்பதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், 1,024 இலைகளில் ஒன்றைக் கண்டுபிடிக்கப் பத்தே கேள்விகள் போதும். கணினி பெரிய பெயர்ப்பட்டியலில் ஒரு பெயரை நொடியில் தேடி எடுப்பதற்கும் இவ்வாறு பாதி பாதியாகக் கழித்துச் செல்வது ஒரு வழி. தாவரவியல் அறிஞர்களும் செடியின் பெயரை அறிய இந்தக் கவை முறையையே கையாளுகிறார்கள். 1778ஆம் ஆண்டில் லமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் நாட்டுத் தாவரங்களைப் பற்றிய நூலில் இதைப் பயன்படுத்தினார். 1884ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்கு அடுத்த முறை தண்ணீர்மலைப் பக்கம் போகும்போது பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலையைப் பார்த்து, அவர்களையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நல்ல விடையைவிட நல்ல கேள்வி பெரிது என்பது அப்போது புரியும்.

மூன்றாவது எறும்புப் பாதை. இந்தக் கருவியில் நாங்களே ஒரு தவறு செய்தோம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

எறும்புகளுக்குத் தலைவன் வழிகாட்டுவதில்லை. போகிற எறும்பு தரையில் ஒரு வாசனையை இட்டுச் செல்கிறது. பின்னால் வருவது வாசனை மிகுந்த வழியைப் பிடித்துக்கொள்கிறது. பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஆய்வாளர்கள், எறும்புப் புற்றுக்கும் இரைக்கும் இடையே நீளமானதும் குட்டையானதுமாக இரண்டு பாலங்களை வைத்துப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் எறும்புகளில் பெரும்பாலானவை குட்டைப் பாலத்திலேயே போகத் தொடங்கியதை 1989ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எந்த எறும்பும் பாலத்தை அளக்கவில்லை. குட்டை வழியில் போன எறும்பு சீக்கிரம் திரும்பியது. அதனால் அந்த வழியில் வாசனை சீக்கிரம் சேர்ந்தது. அவ்வளவுதான்.

இதை விளையாட்டாக்கினோம். புற்றிலிருந்து சர்க்கரைக்கு இரண்டு பாதைகள். ஒன்று பத்து அடி எடுத்து வைக்கும் தூரம், மற்றொன்று இருபது அடி எடுத்து வைக்கும் தூரம். ஒவ்வொரு பாதையிலும் இரண்டு பிள்ளைகள். ஆசிரியர் ஒருமுறை கைதட்டினால் ஓர் அடி. போய்த் திரும்பிய பிள்ளை, தன் பாதையின் வாயிலில் ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும், அதுவே வாசனை. நாற்பது முறை கைதட்டி முடிக்கும்போது குட்டைப் பாதைக்காரர்கள் இரண்டு முறை போய்வந்திருப்பார்கள். அங்கே நான்கு கொட்டைகள். நீளப் பாதையில் இரண்டே கொட்டைகள். அடுத்த சுற்றில் எல்லாரும் கொட்டை மிகுந்த பாதையையே பார்த்துப் போக வேண்டும் என்பது விதி.

ஆனால், விளையாட்டு நாங்கள் நினைத்தபடி நடக்கவில்லை. இரண்டு வாயிலிலும் கொட்டை கிடந்ததால், "இங்கேயும் வாசனை இருக்குதானே!" என்று நீளப் பாதைப் பிள்ளைகள் இடத்தை விட்டுக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். சண்டையும் வந்தது. நாங்கள் விதியை ஓங்கிச் சொல்லிப் பார்த்தோம், பயனில்லை. அப்போது முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன், "டீச்சர், வெயில் அடிச்சா வாசனை போயிடும்ல?" என்றான். எங்களுக்குச் சுருக்கென்றது. வாசனை மறையும் என்பதையே நாங்கள் விதியில் சேர்க்கவில்லை! அடுத்த முறை அவனையே 'வெயில்' ஆக்கினோம். நாற்பது தட்டு முடிந்ததும் அவன் ஒவ்வொரு வாயிலிலிருந்தும் இரண்டு கொட்டைகளை எடுத்துக்கொண்டான். குட்டைப் பாதையில் இரண்டு மிஞ்சின. நீளப் பாதையில் ஒன்றுமில்லை. வழக்கு முடிந்தது; எல்லாரும் குட்டைப் பாதைக்கு வந்துவிட்டார்கள்.

பிற்பாடுதான் அறிந்தோம்: 1992ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மிலான் நகரில் மார்க்கோ டொரிகோ என்பவர், எறும்பின் வழியைக் கணினிக்குக் கற்பிக்கும் தம் ஆய்வேட்டை அளித்தார். அந்த முறையில் வாசனை சிறிது சிறிதாக மறைவதும் ஒரு முக்கிய விதி. பல ஊர்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு நல்ல வழி கண்டுபிடிக்க இந்த முறை உதவுகிறது. எங்கள் முதலாம் ஆண்டுப் பையன் அதே விதியை வெயிலில் நின்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். தவறு நேர்ந்தால் யாரையும் ஏசாமல், எந்த விதி விட்டுப்போயிற்று என்று தேடுவதே கணினி வேலையில் பாதி. அந்தப் பாடத்தை அன்று ஆசிரியர்களாகிய நாங்களும் படித்தோம்.

நான்காவது ஈர்க்குக் கிளை. நீள ஈர்க்கு முதிர்ந்த கிளை. குட்டை ஈர்க்கு இளங்கிளை. விதிகள் இரண்டே. இளங்கிளை அடுத்த பருவத்தில் முதிர்ந்த கிளையாகும். முதிர்ந்த கிளை அப்படியே நின்று ஓர் இளங்கிளையையும் விடும். ஓர் இளங்கிளையில் தொடங்கிப் பிள்ளைகள் அடுக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு பருவத்திலும் உள்ள கிளைகளின் எண்ணிக்கை 1, 1, 2, 3, 5, 8, 13 என்று வரும். ஒவ்வோர் எண்ணும் முந்திய இரண்டின் கூட்டல். பிறகு ஓர் அன்னாசிப் பழத்தைக் கொண்டுவந்து, அதன் கண்கள் சுற்றிச் செல்லும் வரிசைகளுக்கு வண்ணச் சுண்ணம் பூசி எண்ணச் சொன்னோம். பெரும்பாலான பழங்களில் ஒரு பக்கம் சாயும் வரிசை 8, மறுபக்கம் சாயும் வரிசை 13. "நம்ப ஈர்க்கு நம்பர்!" என்று பிள்ளைகள் கூவினார்கள். பழத்தை நறுக்கி உண்டதும் பாடத்தில் சேர்த்திதான்.

இப்படி விதி எழுதித் தாவர வளர்ச்சியை விளக்கியவர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்னும் உயிரியல் அறிஞர், ஆண்டு 1968. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும், நம் பெண்கள் வாசலில் போடும் கோலத்தை இத்தகைய விதிகளால் எழுத முடியும் என்று ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி உலகத்து ஏடு அதை அச்சிட்டது. அந்த ஆய்வு வழியில் வந்த பேராசிரியர் கே. ஜி. சுப்பிரமணியன் பின்னாளில் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். நம் தாய்மார்கள் விடியலில் புள்ளி வைத்து, விதி தவறாமல் கம்பி இழுக்கிறார்களே, அது கணிமைக்கு அத்தனை அருகில் இருக்கிறது.

இனி, இத்தகைய கருவியை வீட்டிலோ பாலர் பள்ளியிலோ செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒரு கருவி ஒரே கருத்தைத்தான் கற்பிக்க வேண்டும். இலைக் கவையில் கேள்வி கேட்பதுதான் பாடம். அன்றைக்கே இலையின் மலாய்ப் பெயரையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் இரண்டும் கெடும்.

இரண்டாவது, பிழை தானாகவே கண்ணில் பட வேண்டும். மங்கு இல்லாமல் வெட்டினால் பால் மண்ணில் கொட்டும். ஆசிரியர் 'தப்பு' என்று சொல்லத் தேவையில்லை. இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி இதைப் பெரிதும் வற்புறுத்தினார். அவர் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். கொடைக்கானலில் இருந்த ஆண்டுகளில் இயற்கையையே பாடமாக்கிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்.

மூன்றாவது, கலைத்துவிட்டுத் திரும்பவும் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். ஒட்டிவிட்ட படத்தைத் திருத்த முடியாது. அடுக்கிய ஈர்க்கைத் திருத்தலாம். பயமின்றித் தவறு செய்யும் பிள்ளைதான் துணிந்து யோசிக்கும்.

நான்காவது, விளையாடி முடித்ததும் பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, "நீ என்ன செய்தாய்? ஏன் செய்தாய்?" என்று பிள்ளையைத் தன் சொல்லில் சொல்ல வைக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் அது வெறும் விளையாட்டாகவே முடிந்துவிடும். இரண்டு மூன்று முறை ஆர்வத்தில் நாங்களும் இதை விட்டுவிட்டோம். மறுவாரம் பிள்ளைகளுக்கு எறும்பு நினைவிருந்தது, விதி நினைவில்லை.

ஐந்தாவதாக ஓர் எச்சரிக்கை. பால்மரக் கொட்டை பார்க்க அழகாக இருந்தாலும், பச்சையாக உண்டால் நஞ்சு. குன்றிமணி அதைவிடக் கொடியது. ஒரு மணியை மென்று விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்து நேரலாம். அரளி இலையையும் கொடுக்காதீர்கள். புளியங்கொட்டை நல்லது; ஆனால் வாயில் போடும் பருவத்துக் குழந்தைக்கு எந்தக் கொட்டையும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இலை பறிக்கும் இடத்தில் முசிறு எறும்பும் மற்றப் பூச்சியும் இருக்கின்றனவா என்று பெரியவர்கள் முதலில் பார்த்துவிட வேண்டும். மருந்து தெளித்த இடத்து இலையைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கணினியே வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். பிள்ளை வளர வளரக் கணினியைத் தொட்டுப் பழகத்தான் வேண்டும். பள்ளியில் கருவி குறைவாக இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். ஆனால், கருவி வந்து சேரும் நாளில் பிள்ளையின் மனம் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆயத்தமான மனத்துக்குத் திரையில் வரும் 'திரும்பச் செய்' என்னும் கட்டளை புதிதாக இராது. அது பாட்டியின் நிரைதானே!

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிப்பாடம் நமக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் வேலையை முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை பிள்ளையிடம் சொல்லுங்கள். சோறு வடிப்பதை, குலை தள்ளுவதை, சைக்கிள் சங்கிலி மாட்டுவதைச் சொல்லுங்கள். "இதற்கு முன்னால் என்ன? இது சரியாக வராவிட்டால் என்ன?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

பினாங்கில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டில் தொடங்கியது. 2016ஆம் ஆண்டில் நாடே அதன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. பினாங்கு மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் 'தோட்டம்' என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் நமக்குக் குறையன்று. நம் பிள்ளைகளின் ஆய்வுக்கூடம் அதுதான்.

அந்தச் சிறுமியை மறந்திருக்க மாட்டீர்கள். பாட்டி வகுப்புக்கு வந்த மறுநாள் காலையில் அவள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாட்டி தோசை சுடுவதைப் பதினோரு படியாக எழுதியிருந்தாள். ஏழாம் படியில், 'கல் காயாவிட்டால் ஊற்றாதே' என்றிருந்தது. கடைசிப் படியில், 'மாவு தீரும்வரை திரும்பச் செய்' என்றிருந்தது. "டீச்சர், டவுன் பிள்ளைங்ககிட்ட கொடுத்தா இதைப் பார்த்துச் சுட்டிடுவாங்களா?" என்று கேட்டாள். "சுட்டிடுவாங்க," என்றோம். தாளைத் திரும்ப வாங்கி, இரண்டாம் படியில் விட்டுப்போயிருந்த 'எண்ணெய் தடவு' என்பதைச் சேர்த்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.